சம்பூர் அக்கா புளி போட்டு மினுக்கின காசு

இதை எழுதுறேல்ல எண்டுதான் இருந்தனான். ரெண்டு தரம் தொடங்கி, ரெண்டு தரமும் அழிச்சுப்போட்டுப் போய்ப் படுத்திட்டன். ஓ.எல்.லில தமிழுக்கே அரும்பொட்டில பாஸ் பண்ணினவன் கட்டுரை எழுதுறதெண்டால், அது கோழி கடல் நீந்தின கதைதான். ஆனா எங்கட பழங்காசுக் குறூப்பில இருக்கிற புதுப் பொடியள் விடுறானுகள் இல்லை. "அண்ணே, நீங்கள் ராத்தாட்ட ஆறு வருசம் கண் வேலை பாத்தனீங்கள். படத்தை மட்டும் வச்சு நல்ல காசு எது, கள்ளக் காசு எது எண்டு எப்பிடிப் பிடிக்கிறது?" எண்டு ஒரே கரைச்சல். இப்ப வேற ஒரு அப் வந்திருக்காம். படத்தைப் போட்டா அதுவே காசின்ர ஊர், வயசு, சாதகம் எல்லாம் சொல்லுமாம். நான் என்ர மூஞ்சியைப் போட்டுப் பாத்தன். "தேய்மானம் அதிகம்" எண்டு வந்தது. பரவாயில்லை, விசயம் தெரிஞ்ச அப்தான்.

என்ர கூட்டாளி நிப்ராஸ், நான் விட்டிட்டு வந்த கதிரையில இப்ப இருக்கிறவன், அவனும் சொன்னான்: "எழுதித் துலையடா. எழுதினாத்தான் உன்னட்டக் கேக்கிறத நிப்பாட்டுவானுகள்." அதால எழுதுறன்.

எனக்கு வயசு இருபத்தெட்டு. ரிடயர் ஆகி ஒரு வருசம். பென்சன் இல்லை, மாலை போடேல்ல, பிரியாவிடைக்கு ஒரு கேக் கூட வெட்டேல்ல. இப்ப நிலாவெளியில வெள்ளைக்காரரைப் போட்டில ஏத்திக்கொண்டு போய் டொல்பின் காட்டுறன். நல்ல வேலை. டொல்பின் ஒரிஜினலா எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்ல.

சரி, வேலைக்கு வருவம். கிண்ணியாப் பக்கம் அக்காவை ராத்தா எண்டுதான் கூப்பிடுறது. நான் வேலை செய்த ராத்தா என்னை விடப் பத்து வயசுதான் கூட. திருகோணமலை ரவுணில, மத்திய வீதியில, அவட புருசனுக்கு ஒரு போன் கடை. கடைக்குப் பின்னால ஒரு அறை. அந்த அறையில இருந்துதான் ராத்தா ஒன்லைனில பழங்காசு வாங்கி விக்கிறவ. நான் முதல் போனது பார்சல் கட்ட. கட்டின மட்டைப் பெட்டியை வாசலில வச்சிட்டு உள்ள போய் வந்தா, பஸ் ஸ்ராண்டுப் பக்கத்தால வந்த மான் ஒண்டு அதில பாதியைத் திண்டு முடிச்சிருக்கும். இதுதான் என்ர பயிற்சிக் காலம். வேற ஒண்டும் சொல்லுறதுக்கு இல்லை.

ஒரு நாள் ராத்தா ஒரு காசுப் படத்தைப் பாத்துக்கொண்டு இருந்தா. நான் பின்னால நிண்டு எட்டிப் பாத்திட்டுச் சொன்னன்: "ராத்தா, இந்தப் பொம்பிளை போன மாசமும் வித்தவ, அப்ப பேர் வேற."

"எப்பிடித் தெரியும்?"

"அதே சிவப்பு நகப்பூச்சு. பெருவிரலில அதே இடத்தில கழண்டிருக்கு."

ராத்தா பழைய படத்தைத் தேடி எடுத்துப் பாத்தா. கழண்டுதான் இருந்தது. அண்டையில இருந்து பார்சல் வேலையோட கண் வேலையும் எனக்கு. சம்பளம் மட்டும் பார்சலுக்குத்தான்.

பொடியள், இப்ப கவனமா வாசியுங்கோ, நான் ரெண்டாம் தரம் சொல்லமாட்டன். முதல் வேலை காசைப் பாக்கிறது இல்லை. காசைப் பிடிச்சிருக்கிற கையையும், காசு கிடக்கிற மேசையையும் பாக்கிறது. ஒரே கை, ஒரே மேசை விரிப்பு, பேர் மட்டும் மூண்டு எண்டால், அது யாவாரம் இல்லை, நாடகம். அடுத்தது, ராத்தா எழுதி வச்சிருந்த தகவல் ஒண்டு. விக்கிற ஆளுக்கு அதை அப்பிடியே அனுப்பிவிடுறது. ஏழு படம் வேணும். முகம் ரெண்டு. விளிம்பு ரெண்டு. சமையல் தராசில வச்சு ஒண்டு. உங்கட பேரும் இண்டைய திகதியும் கையால எழுதின துண்டுக்குப் பக்கத்தில ஒண்டு. காலம வெயிலில, வாசலில நிண்டு, காசைச் சரிச்சுப் பிடிச்சு ஒண்டு. பிளாஷ் போட வேண்டாம். எழுத்து வாசிக்கக்கூடிய மாதிரித் தெளிவா இருக்கோணும்.

இந்த ஏழில அந்தச் சரிச்ச படம்தான் உயிர். நேர எடுத்தா எல்லாக் காசும் நல்ல காசுதான், அடையாள அட்டைப் படத்தில எல்லாரும் நல்லவங்கள் மாதிரி. சரிச்சா எழுத்துக்கு நிழல் விழும். அச்சு வச்சு அடிச்ச எழுத்தின்ர தோள் வெட்டின மாதிரி நிக்கும். உருக்கி ஊத்தின காசில எழுத்து, குளிச்சுக் குளிச்சுக் கரைஞ்ச சவுக்காரம் மாதிரி மழுங்கிக் கிடக்கும். ஊசி முனையளவு குமிழ் ஓட்டையளும் இருக்கும். விளிம்பைச் சுத்தி அரத்தால ராவின அடையாளம் இருந்தா, ரெண்டு அச்சு சேந்த கோட்டை ஆரோ மறைச்சிருக்கிறான்.

தரம் போடுறது அதை விடக் கரைச்சல். விக்கிறவன் எல்லாரும் "புதுசு மாதிரி" எண்டுதான் போடுவான், கலியாணத் தரகர் எல்லா மாப்பிள்ளைக்கும் "குடிக்கமாட்டார்" எண்டு சொல்லுற மாதிரி. ராசாவின்ர காதுக்கு மேல முடி இல்லையெண்டு வைப்பம். அது கை பட்டுத் தேஞ்சதா, இல்லாட்டி அடிக்கேக்குள்ளயே சரியாப் பதியேல்லையா? தேஞ்ச இடம் மழமழவெண்டு வழுக்கும். பதியாத இடத்தில தகட்டின்ர பழைய சொரசொரப்பு அப்பிடியே நிக்கும். இதை நான் ஆறு வருசமா எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு வாறன். எனக்கே இன்னும் முழுசா விளங்கேல்ல.

ராத்தாவைப் பற்றிச் சொல்லோணும். அவ ஒரு நாளும் ஒரு காசைக் கள்ளம் எண்டு சொன்னதில்லை. "நமக்கு வாணாம்" எண்டு மட்டும்தான் எழுதுவா. நான் கேட்டன், ஏன் நேர சொல்லுறேல்ல எண்டு.

"நாம படத்தப் பாத்துத்தானே சொல்லுறம் தம்பி. ஒருத்தர்ட காசக் கள்ளம் எண்டா, அந்த ஆளையும் கள்ளன் எண்ட மாதிரி. பிழைச்சா என்ன செய்யிற?"

கோவம் வந்தா கத்தமாட்டா. பள்ளிக்கூட வாத்தியாரைக் கூப்பிடுற மாதிரி என்னை "சேர்" எண்டு கூப்பிடுவா. அவ்வளவுதான். அது கத்துறதை விட மோசம்.

முதல் தரம் நான் சேர் ஆனது ஒரு வெள்ளி ரூபாயால. விக்கிறவன் வீடியோ அனுப்பியிருந்தான். காசைச் சீமெந்துத் தரையில போடுறான், 'கிணிங்' எண்டு கோயில் மணி மாதிரிச் சத்தம். நான் சத்தத்தில மயங்கி "ஓம், வாங்குங்க" எண்டிட்டன். பார்சல் வந்தது. ராத்தா பழைய ஸ்பீக்கரில கழட்டின காந்தத்தைக் காசுக்குக் கிட்டக் கொண்டு போனா. காசு பாய்ஞ்சு போய் ஒட்டிச்சுது, கனநாள் காணாத சொந்தக்காரர் மாதிரி.

"சேர், வெள்ளி காந்தத்தில ஒட்டுமா சேர்?"

திரும்ப வீடியோவைப் பாத்தன். காசு விழுந்து படுத்திட்டுது, சத்தம் அதுக்குப் பிறகுதான் வருது. வேற காசின்ர சத்தத்தை எடுத்து ஒட்டியிருக்கிறான். நான் கண் வேலைக்காரன், காதால வாங்கியிருக்கிறன்.

ராத்தாட்ட இன்னுமொரு சட்டம் இருந்தது. விக்கிற ஆக்கள்ட வீட்டுக்குப் போய்க் காசு பாக்கக் கூடாது. எவ்வளவு கிட்ட எண்டாலும் படம்தான். "ஒருத்தர்ட வீட்டுத் தேத்தண்ணியக் குடிச்ச வாயால இல்ல எண்டு சொல்லேலா தம்பி" எண்டுவா. எங்கட ஊரில தேத்தண்ணி குடிக்காமல் வீட்டை விட்டு வெளிக்கிடவும் ஏலாது. அதால போகவே கூடாது.

இப்ப அந்தக் காசுக்கு வாறன். ஒல்லாந்தக் கொம்பனிக்காரன் இலங்கையில தடிச்ச செப்புக்காசு அடிச்சவன். கொம்பனி முத்திரைக்கு மேல ஒரு ஆங்கில எழுத்து இருக்கும். கொழும்பில அடிச்சதில சீ. காலியில ஜீ. யாழ்ப்பாணத்தில ஐ, அதாவது I. எங்கட திருகோணமலையில அடிச்சதில ரீ, அதாவது T. மற்றது எல்லாம் தேடினாக் கிடைக்கும். இந்த ரீ இருக்கே, அது கிடைக்கிறது கஸ்ரம். எங்கட ஊர்க் காசு எங்கட ஊரிலயே இல்லை. கொழும்பில டொக்டர் ஒருத்தர் அதுக்காக மூண்டு வருசமாக் காத்துக்கொண்டிருந்தவர். அவர் ராத்தாட்டப் படம் கூடக் கேக்கிறேல்ல. "நீங்க சொன்னாச் சரி" எண்டு வாங்குற மனிசன். ராத்தாவின்ர யாவாரமே அந்த ஒரு சொல்லில நிண்டது. ஒரு பிழைக் காசு போச்சுதெண்டால், ஒரு ஸ்கிரீன்ஷொட் காணும், எல்லாக் குறூப்பிலயும் பேர் நாறும்.

ஒரு நாள் விளம்பரம் ஒண்டு கண்டன். "பழைய காசு விற்பனைக்கு உண்டு. சம்பூர். விற்கும் காரணம்: பிரிட்ஜ் வாங்க." படத்தில ஒரு உள்ளங்கை. கையில ஒரு செப்புக் கட்டி, முழுக்கக் கறுத்த தார். கொம்பனி முத்திரை மங்கலாத் தெரிஞ்சது. அதுக்கு மேல ஒரு எழுத்தின்ர தண்டு. தண்டுக்கு மேல தொப்பி மாதிரி ஒரு கோடு. கோடா, தாரின்ர விளிம்பா? பெருவிரலின்ர நிழல் வேற அதில விழுந்து கிடக்குது. எனக்கு நெஞ்சு அடிச்ச அடியில மேசை ஆடிச்சுது. ராத்தாவின்ர ஏழு படத் தகவலை உடன அனுப்பிவிட்டன்.

ரெண்டு நாளால ஏழு படம் வந்தது. துண்டில பேர், திகதி, தராசு, வெயில், எல்லாம் ஒழுங்கு. ஆறு வருசத்தில ஏழையும் ஒழுங்கா அனுப்பின முதல் மனிசி. ஆனா காசைப் பாத்திட்டு நான் கதிரையால எழும்பிட்டன். புதுச் செப்புக் குடம் மாதிரி மினுங்குது. போன் எடுத்தன். யோகக்கா எண்டு பேர். சம்பூரில சின்னக் கடை, எருமைத் தயிர் யாவாரம்.

"அக்கா, காசுக்கு என்ன செய்தனீங்கள்?"

"நீங்கள்தானே தம்பி, எழுத்து வாசிக்கிற மாதிரி இருக்கோணும் எண்டனீங்கள். மாமான்ர பழைய கடைத் தராசில ஒரு தட்டு மேல நிக்குதெண்டு, அடியில தார் வச்சு ஒட்டிக் கிடந்த காசு அது. மண்ணெண்ணெயில ஊறப்போட்டன். பிறகு வெள்ளிக்கிழமை விளக்கு மினுக்கிற மாதிரிப் புளியும் சாம்பலும் போட்டு மினுக்கினன். எழுத்துக்குள்ள கொஞ்சம் தார் நிண்டது, அதை ஊக்கால கிண்டி எடுத்தன்."

"ஊக்காலயோ!"

"ஓம், விரலிலயும் குத்திப்போட்டுது. அதை விடுங்கோ. வடிவா இருக்கெல்லோ?"

நான் என்னத்தைச் சொல்ல? பொடியள், கழுவின காசுக்குத் தரம் விழும், அது உங்களுக்கும் தெரியும். ஆனா இது அதை விடப் பெரிய அழிவு. யாழ்ப்பாணத்து ஐ எழுத்துக்குத் தலையிலயும் காலிலயும் சின்னக் கோடு இருக்கும். தலைக்கோட்டை ஊக்கால கொஞ்சம் இழுத்துவிட்டா ஐ, ரீ ஆகிடும். அந்தக் கோட்டுக்குள்ள பழைய தார் நிண்டிருந்தா, கோடும் பழசு எண்டு கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். தார் இப்ப புளித் தண்ணியோட வாழைக்கு அடியில போயிட்டுது. சாட்சியைக் கழுவினது அவ. கழுவச் சொன்னது நான். எங்கட தகவலில "கழுவ வேண்டாம்" எண்டு ஒரு வரி இல்லை. காசு சேக்கிறவன் தான் குளிக்காட்டியும் காசைக் கழுவமாட்டான், அவங்களுக்கு எழுதின தகவல் அது. தயிர் விக்கிற அக்காவுக்கு அது எப்பிடித் தெரியும்?

ராத்தாட்ட, மூதூரில ஒரு சாவீடு எண்டு பொய் சொல்லிப்போட்டு மோட்டச்சைக்கிளை எடுத்தன். கிண்ணியாப் பாலம் தாண்டி, மூதூர் தாண்டி, சம்பூருக்குப் போய்ச் சேர முதுகு கழண்டிட்டுது. யோகக்கா கடை வாசலில நிண்டவ. உள்ள ஈர மணலில தயிர்ச் சட்டியளை அடுக்கி, மேல நனைச்ச சாக்கு. வெயில் எண்டால் அப்பிடி ஒரு வெயில்.

"வாங்கோ தம்பி, தேத்தண்ணி வைக்கட்டே?"

"ஐயோ, தேத்தண்ணி மட்டும் வேண்டாம் அக்கா!"

"ஏன், சுகமில்லையோ? அப்ப தயிர் போடுறன்."

ராத்தாவின்ர சட்டத்தில தயிர் இல்லை. நான் நல்லா யோசிச்சுப் பாத்தன், இல்லவே இல்லை. இனிப்புப் பாணி விட்டு ரெண்டு கோப்பை திண்டன்.

பிறகு வாசலுக்குப் போய், பூதக்கண்ணாடியைக் கண்ணில வச்சு, காசைச் சரிச்சன். ரீ. மற்றப் பக்கம் சரிச்சன். ஐ. திரும்பச் சரிச்சன். தலைக்கோட்டின்ர வலப்பக்கம் பச்சைக் கீறல், அது ஊக்கு, சந்தேகமில்லை. இடப்பக்கம் தோள் வெட்டின மாதிரி, அச்சில அடிச்சதுதான். ஆனா நீளம்? ஐக்குக் கூட, ரீக்குக் குறைய. நிறையைப் பாத்துச் சொல்லலாமெண்டால், ஒல்லாந்தன் இந்தக் காசை வெட்டின வெட்டுக்கு ஒண்டின்ர நிறை ஒண்டுக்கு இல்லை. முதல் படத்தைப் போனில பெருசாக்கிப் பாத்தன். பெருசாக்கப் பெருசாக்க, பெருவிரல்தான் பெருசாகுது.

யோகக்கா பக்கத்தில நிண்டு மூச்சு விடாமல் பாக்கிறா. "என்ன தம்பி, டொக்டர் ஸ்கானைப் பாக்கிற மாதிரிப் பாக்கிறீங்கள்? ஆம்பிளையோ பொம்பிளையோ?"

"அதுதானக்கா எனக்கும் விளங்கேல்ல."

"இல்லையெண்டா இல்லையெண்டு சொல்லுங்கோ. நான் அழமாட்டன். நேத்து எட்டுச் சட்டி புளிச்சு, கிடங்கில ஊத்தினனான். அதுக்கே அழேல்ல. இன்னும் கொஞ்சம் போடட்டே?"

அவ அதைக் கேட்டிருக்கக் கூடாது. கோவிச்சிருந்தா எனக்குச் சுகமா இருந்திருக்கும். நான் றோட்டுக்கு வந்து ராத்தாவுக்குப் போன் எடுத்தன்.

"எங்க நிக்கிறீங்க?"

"சம்பூரில."

"சாவீடு மூதூரில எண்டீங்க?"

"செத்த ஆள் எழும்பிட்டார் ராத்தா."

அவ சிரிக்கேல்ல. "தேத்தண்ணி குடிச்சீங்களா?"

"பிள்ளையார் சத்தியமா இல்லை."

"எழுத்து என்ன?"

தெரியேல்ல எண்டு சொல்லியிருக்கலாம். சின்னச் சொல்லுத்தான். தெரியேல்ல எண்டா அவ "நமக்கு வாணாம்" எண்டுவா, நான் உள்ள போய் அதை யோகக்காட்டச் சொல்லோணும், அவ இன்னொரு கோப்பை தயிர் போடுவா.

"ரீ" எண்டன்.

"உறுதியா?"

"உறுதி. கழுவினது ராத்தா, தரத்தில ரெண்டு படி இறக்குங்க."

பின்னால கடையில ஆரோ சார்ஜர் கேக்கிறது போனில கேட்டுது. பிறகு சொன்னா: "சரி. சொன்ன விலையக் குடுத்திட்டுக் காசக் கொண்டு வாங்க, சேர்."

சேர்! எனக்குத் தலை சுத்திச்சுது. கோவமெண்டால் ஏன் வாங்கச் சொல்லுறா? வாங்கச் சொல்லுறவ ஏன் சேர் எண்டுறா? வழி முழுக்க அதை யோசிச்சு, ரெண்டு தரம் மாட்டில முட்டப் பாத்தன்.

அடுத்த கிழமை யோகக்கா பிரிட்ஜின்ர படம் அனுப்பியிருந்தா. ஏழு படம். முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு, பேரும் திகதியும் எழுதின துண்டோட ஒண்டு. தராசில வைக்க ஏலாமல் போனதுக்கு மன்னிப்பு வேற கேட்டு, பதிலுக்குத் தயிர்ச் சட்டி உள்ள இருக்கிற படம்.

இங்கால, அந்தக் காசைக் கட்டப் போனனான், ராத்தா கையை நீட்டித் தடுத்திட்டா. "அத நான் கட்டுறன்." பெறுமதியான சாமான், அதால எண்டு நினைச்சன். ஒரு மாசத்தால மெல்லக் கேட்டன்: "டொக்டர் என்ன சொன்னார் ராத்தா?"

"ஒண்டும் சொல்லல."

அவ்வளவுதான் கதை. அதுக்குப் பிறகு அவ அதைப் பற்றி வாய் திறக்கேல்ல, என்னைச் சேர் எண்டும் கூப்பிடேல்ல. ஆனா எனக்குக் கண் போயிட்டுது. எந்தக் காசைச் சரிச்சாலும், ஒரு பக்கம் நல்லது, மற்றப் பக்கம் கள்ளம். அண்டைக்கு ரீ எண்டு சொன்னது என்ர கண்ணா, அந்த ரெண்டு கோப்பைத் தயிரா? கண்தான் எண்டு சில நாள் நினைப்பன். அந்த இடப்பக்கத் தோள் அச்சில அடிச்ச மாதிரித்தான் நிண்டது, அது ஊக்கு வேலை இல்லை. பிறகு நீளம் ஞாபகம் வரும். மூண்டு மாசம் அப்பிடி இழுபட்டிட்டு, வேலையை விடுறன் எண்டு சொன்னன். ராத்தா நில்லுங்க எண்டும் சொல்லேல்ல, போங்க எண்டும் சொல்லேல்ல. "டொல்பினுக்கும் தரம் போட்டுக்கொண்டு நிக்காதீங்க தம்பி" எண்டா.

பொடியள், நீங்கள் கேட்டதுக்கு என்னட்ட இருக்கிற பதில் ஒண்டுதான். தகவல் அனுப்பேக்குள்ள முதல் வரியில, பெரிய எழுத்தில, கழுவ வேண்டாம் எண்டு போடுங்கோ. தேக்க வேண்டாம், ஊக்கு வேண்டாம், புளி வேண்டவே வேண்டாம். மிச்சத்தை அந்த அப்பிட்டக் கேளுங்கோ, அது தயிர் தின்னாது.

ஆனா ஒண்டு என்னை நித்திரை கொள்ள விடுகுதில்லை. கொழும்பு டொக்டர் ஒரு நாள் அந்தக் காசை ஆரிட்டயாவது காட்டத்தான் போறார். பாத்த ஆள் "இது யாழ்ப்பாணத்து ஐ, ஊக்கால கீறியிருக்கு" எண்டு சொல்லத்தான் போறார். அண்டைக்குப் போறது என்ர பேர் இல்லை. எனக்கு எங்க பேர்? ராத்தாவின்ர பேர்தான் போகும். அவவிட்ட நேர போய்ச் சொல்லோணும் எண்டு நாலு தரம் மத்திய வீதி வரைக்கும் போய், மானுக்குப் பிஸ்கட் போட்டிட்டுத் திரும்பி வந்தனான்.

குறூப்பில போட முந்தி இதை நிப்ராசுக்கு அனுப்பினன். இதைப் போடட்டா, இல்லாட்டி முதல்ல டொக்டரிட்ட அந்தக் காசைத் திருப்பிக் கேக்கட்டா எண்டும் கேட்டன். அவன் அனுப்பின பதில் இதுதான்:

"மச்சான், அந்தக் காச ராத்தா டொக்டருக்கு அனுப்பவே இல்ல, அவட மேசை லாச்சிக்குள்ளதான் இரிக்கு, இண்டைக்கும் எடுத்துப் பாத்துக்கொண்டு இருந்தவ."